முழுகாத பொருள்

கேரி நகரம், பிராட்வே வீதி.
எஃகு ஆலைப் புகை முதலில் இறங்குவது என் கூரையில்தான்.
வாசலில் மூன்று பித்தளைக் குண்டுகள்.
கணவர் போன பிறகு பேரேட்டில் என் கையெழுத்து.

சீட்டு எண் 2216.
கித்தார் ஒன்று. கழுத்தில் விரிசல். ஏழு டாலர்.
பெயர், லெமுவல் ட்ரிப்லெட்.
தொழில்?
"உலைக்களம்" என்றான்.
கொஞ்சம் நின்று,
"ராத்திரியில் வேறு."

தவணை தப்பினால் பொருள் முழுகிவிடும் என்று
எல்லாரிடமும் சொல்வதைத்தான் சொன்னேன்.
தொப்பியைக் கழற்றிக்கொண்டு
"முழுகுவது எனக்குத் தெரியும் அம்மணி" என்றான்.

ஏழு வயதில் பார்த்தானாம்.
மிசிசிப்பி கரையுடைத்த வசந்தம்.
நான்கு நாள் கூரைமேல்.
துப்பாக்கி முனையில் மண்மூட்டை சுமக்கப் போன அப்பா
எந்த மூட்டைக்கு அடியிலோ.
கோவேறு கழுதை மட்டும் வீட்டைச் சுற்றிச் சுற்றி நீந்தியது
மூன்றாம் நாள் மதியம்வரை.

தண்ணீர் வடிந்ததும்
துடைப்பக் கம்பியை உருவிச் சுவரில் ஆணியடித்து
மருந்துக் குப்பியால் தேய்த்தான்.
கழுதையின் கடைசிக் குரல் வந்தது.
அதற்குப் பிறகு வாசித்ததெல்லாம்
அதைச் சரியாக வாசிக்கத்தான் என்றான்.
நான் ஏழு டாலரை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பதினோரு முறை வந்தது அந்தக் கித்தார்.
மகளுக்குத் தொண்டை அடைப்பான்.
நூற்றுப் பதினாறு நாள் வேலைநிறுத்தம்.
மனைவி ஸெல்லாவின் அடக்கச் செலவு.
ஒருமுறை காரணமே சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை, மூச்சில் ரை விஸ்கி.

உலைப்பொறி சுண்டுவிரலில் பாதியைத் தின்றது.
மிச்சத் துண்டில் குப்பியை மாட்டினான்,
அளவெடுத்ததுபோல் பொருந்தியது.
பின்னால் பத்திரிகைகள்
அதற்குப் 'பாணி' என்று பெயர் வைத்தன.

சிகாகோவில் ஒரு கம்பெனி
நான்கு பாட்டுக்கு முப்பத்தைந்து டாலர் தந்தது,
இசைத்தட்டில் பெயரைத் தப்பாக அச்சடித்தது.
அந்தக் கோடையில்
எதிர்ச் சாராயக்கடை ஜூக்பாக்ஸ் அவனை
நாள் முழுக்க ஒலித்தது.
ஆலை ஆட்கள் காசு போட்டுப் போட்டு ஆடினார்கள்.
வாசித்த கித்தாரோ என் பின்னறையில்,
ஆட்டுத்தோல் கோட்டுக்கும் தையல் இயந்திரத்துக்கும் நடுவே
வாய்மூடிக் கிடந்தது.
நான் ஜன்னலைச் சாத்தவில்லை.

பிறகு கடல் கடந்து பையன்கள் வந்தார்கள்,
காது மூடிய தலைமுடியோடு.
அவன் கால் பட்ட இடமெல்லாம் படமெடுத்தார்கள்.
லண்டனில் எழுந்து நின்று கைதட்டினார்களாம்,
அவனுக்கு உட்கார இடம் தராத ஊர்க்காரன் ஒருவன்
தொலைக்காட்சியில் அவனைத் தோளில் அணைத்தான்.

ஒரு நவம்பர் மாலை
நீளக் கார் ஒன்று பனிச்சேற்றில் நின்றது.
அதே கித்தார். அதே விரிசல்.
"எவ்வளவு வேண்டும்?"
"ஏழு."
கையில் மோதிரங்கள் இருந்தன. கேட்டே விட்டேன்.

"அருங்காட்சியகம் கேட்கிறது.
கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்களாம், விளக்குப் போட்டு.
பொய் சொல்ல எனக்கு வராது அம்மணி.
அடகில் இருக்கிறது என்றால் அது நிஜம்."

மாதம் இருபத்தொரு சென்ட் வட்டி
தபாலில் வந்தது.
ஓஸ்லோ, ஒசாகா, பெயர் படிக்க முடியாத ஒரு துறைமுகம்.
ஓட்டல் தாளில் சுற்றிய நாணயம்,
சில சமயம் அந்நாட்டுக் காசு,
அதை நான் எந்த வங்கியில் மாற்ற?
டப்பாவில் போட்டு வைத்தேன்.

மார்ச்சில் வரவில்லை.
ஏப்ரலில் செய்தித்தாள் வந்தது,
படம் பெரிது, இந்த முறை பெயரும் சரி.

நேற்றோடு தொண்ணூறு நாள் கழிந்தது.
சட்டப்படி நான் அதை விற்கலாம்.
காலையில் பேரேட்டைத் திறந்தேன்.
கைப்பையில் தேடினால் இருபது சென்ட்தான் இருந்தது,
கோட்டுப் பையில் ஒன்று.

பதினொரு மணிக்கு
கழுத்துப்பட்டி அணிந்த ஒருவர்
குடையை வாசலில் உதறிவிட்டு உள்ளே வந்தார்.
அருங்காட்சியகத்திலிருந்து வருகிறாராம்.

அடகில் இருக்கிறது என்றேன்.